பிணத்துக்கு ஒரு பெயர்

அவ்ரில் மாசப் போன ஜனவரியில் இறந்தபோது எங்கள் வட்டாரப் பத்திரிகை ஐந்து வரி போட்டது. அதில் மூன்று தப்பு. பத்தொன்பது நாவல்களைப் பதினேழு என்று எழுதியிருந்தார்கள். அவள் பிறந்தது எங்கள் ஊரான ஸ்கார்த்விக்கில். பக்கத்து ஊரின் பெயரைப் போட்டிருந்தார்கள். இந்த இரண்டையும் விட்டுத் தள்ளலாம். மூன்றாவதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "உடல்நிலை கருதி எழுத்திலிருந்து ஓய்வு பெற்றார்" என்று இருந்தது. அவ்ரில் ஓய்வு பெறவில்லை, நிறுத்தினாள். நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தில் பாதி நான். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். ஊர்ப் பெயரை மட்டும் திருத்திப் போட்டார்கள். மீதியை நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் லின். ஸ்கார்த்விக் நூலகத்தில் முப்பத்தொரு வருடம் புத்தகங்களுக்குத் தேதி முத்திரை குத்தியவள். அவ்ரில் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. படிப்பு முடிந்ததும் அவள் மாவட்டச் சாலைத்துறையின் உப்புக் கிடங்கில் வேலைக்குப் போனாள். குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க எந்த லாரி எந்தச் சாலையில் உப்புத் தூவ வேண்டும் என்று அட்டவணை போடுவது அவள் வேலை. இருபது வருடம் அதையே செய்ததில், இந்தக் கடலோரத்தில் எந்த வளைவில் முதலில் பனி உறையும், எந்தப் பள்ளத்தில் ஒரு வண்டியை விட்டுவிட்டுப் போனால் வசந்தம் வரை யார் கண்ணிலும் படாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"இவ்வளவையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஒண்ணு கொலை பண்ணணும், இல்ல கதை எழுதணும்" என்பாள். "கொலைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு முடிவு பண்ண முடியல. அவ்வளவு பேர் இருக்காங்க."

ஆகவே கதை எழுதினாள். சாப்பாட்டு இடைவேளையில், ஒரு கையில் பாலாடைக்கட்டி ரொட்டியுடன், மறுகையால் எழுதிய முதல் நாவல் அவளுடைய நாற்பத்திரண்டாவது வயதில் வந்தது. அவ்ரில் என்று பெண் பெயர் போட்டுப் போலீஸ் கதை எழுதினால் ஆண்கள் வாங்க மாட்டார்கள் என்று லண்டன் பதிப்பாளர்கள் சொன்னார்கள். ஏ. ஜே. மாசப் என்று அட்டையில் போட்டார்கள். "அன்புள்ள திரு. மாசப்" என்று ஆரம்பித்து வாசகர்கள் எழுதுவார்கள். இவளும் திருவாகவே பதில் போடுவாள். ஒரு விதவை திரு. மாசப்பைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயாராக இருந்தாள். அவளுக்கு மட்டும் அவ்ரில் உண்மையை எழுதினாள்.

அவளுடைய துப்பறிவாளர் இன்ஸ்பெக்டர் கெல்லட். வயிற்றுப்புண்காரர், பேச்சுக் குறைவு, ஈரக் காலுறையைப் பற்றியே கவலைப்படுகிறவர். உப்புக் கிடங்கின் மேஸ்திரியை அப்படியே எடுத்துச் சட்டை மாற்றியிருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும், மேஸ்திரியைத் தவிர. ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு கெல்லட் நாவல். லண்டன் விமர்சகர்கள் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் வடக்கில் எந்த நூலகத்திலும் அவள் புத்தகம் அலமாரியில் நின்றதில்லை. குற்றக்கதை வாசகர்கள், அதுவும் வயதானவர்கள், படித்த புத்தகத்தையே மறந்துபோய் மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று உள்ளே பென்சிலால் ரகசியக் குறி போட்டு வைப்பார்கள். ஒருத்தி இருபத்தேழாம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவாள், ஒருவர் கடைசிப் பக்கத்தில் சின்னதாக ஒரு மீன் வரைவார். நான் அழிக்க வேண்டும், அதுதான் விதி. அழித்ததில்லை. அவ்ரில் சனிக்கிழமைகளில் வந்து தன் புத்தகங்களைப் பிரித்து அந்தக் குறிகளைப் பார்ப்பாள். அவளுக்குக் கிடைத்த விமர்சனம் அவ்வளவுதான். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

அவள் எழுதும் முறை ஒன்று உண்டு. பத்தாம் பக்கத்துக்குள் பிணம் வந்துவிட வேண்டும். யார் கொன்றது, ஏன் கொன்றது எல்லாம் பிறகு. முதலில் எங்கே, எப்படிக் கிடக்கிறது என்பதுதான். அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். நான் படுக்க வேண்டும். சாலையிலிருந்து தெரிகிறதா, நாயோடு நடப்பவனுக்கு முதலில் என் கால் தெரியுமா, தலை தெரியுமா என்று தள்ளி நின்று பார்ப்பாள். பத்தொன்பது நாவல்களில் பதினான்கில் பிணம் நான்தான். படகுத் துறைக்குக் கீழே கூழாங்கல்லில் கிடந்திருக்கிறேன். பந்து விளையாட்டு மன்றத்தின் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே கிடந்திருக்கிறேன்.

"மூச்சு விடாதேடி. வயிறு ஏறி ஏறி இறங்குது."

"செத்தா நிறுத்திக்கிறேன். நீ சீக்கிரம் பாரு, முதுகு விறைக்குது."

ஒரு தடவை அவளிடம் கேட்டேன். "எப்பவும் செத்துக் கிடக்கிறதையே எழுதறியே, சாகிறதை ஏன் எழுதறதில்ல?" அவள் சிரிக்காமல் பதில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "அது எனக்குத் தெரியாத சமாச்சாரம், லின். தெரியாததை எழுதினா கெல்லட்டே கண்டுபிடிச்சிடுவார்."

இனி பரிசுச் சீட்டுக்கு வருகிறேன். வருடாவருடம் பிப்ரவரியில், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்காக நூலகத்தில் குலுக்கல் நடத்துவோம். மேசை நிறையப் பரிசுகள். ஒரு பாட்டில் ஷெர்ரி மது, ஒரு முழுப் பன்றித் தொடை, பிஸ்கட் டப்பாக்கள், போன வருடம் யாரோ வென்று இந்த வருடம் திருப்பிக் கொடுத்த அதே குளியல் உப்பு. எண் விழுந்தவர் வந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மேசையின் நடுவில் ஒரு உறை. அதன் மேல் என் அழகான கையெழுத்தில், "ஏ. ஜே. மாசப்பின் அடுத்த நாவலில் உங்கள் பெயர்." பிணமாக என்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையே இருந்ததில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் பிணமாகத்தான் ஆசை. கசாப்புக் கடை வில்ஃப் எட்டாவது நாவலில் தன் சொந்தக் குளிர் அறையிலேயே கொக்கியில் தொங்கினார். இன்றைக்கும் அந்தப் புத்தகம் அவர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொத்திறைச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது. சில பெண்கள் தங்கள் பெயருக்குப் பதிலாக விட்டுப்போன புருஷன் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். மூன்று பேர் அப்படிச் செய்திருந்தார்கள். அந்த மூன்று பிணங்களுக்கும் அவ்ரில் கொஞ்சம் கூடுதலாகவே உழைத்தாள்.

அந்த வருடம் முதல் எண் ஷீனா டன்ஸ்டலுக்கு விழுந்தது. ஸ்டோக் நகரிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, பள்ளிச் சமையலறையில் வேலை. எங்கள் ஊரில் மூன்று வருடம் என்பது வந்து இறங்கிய மாதிரிதான். "புதுசா வந்த அம்மா" என்றுதான் இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தோம். நூலகத்தில் செடிப் புத்தகங்கள் மட்டும் எடுப்பாள். பன்றித் தொடையை எடுப்பாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நேராகப் போய் உறையை எடுத்தாள். கை தட்டினோம். "நல்லா படுத்துக்கோ கண்ணு, கால் மரத்துப்போகும்!" என்று வில்ஃப் கத்தினார். இந்த ஊர்க் கிண்டல் ஏதோ என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

பிறகு என் மேசைக்கு வந்தாள். "வேற ஒருத்தர் பேரைக் குடுக்கலாமா?"

"யார் பேரை வேணும்னாலும் குடுங்க."

பெரிய எழுத்தில், நிதானமாக எழுதினாள். ராஸ் ஆட்கின். தாளை இரண்டாக மடித்து, மறுபடி மடித்து என் கையில் வைத்தாள். "நல்லா எழுதச் சொல்லுங்க."

"கவலையே படாதீங்க, பிரமாதமா எழுதுவா" என்றேன் நான்.

அன்று மாலை அவ்ரில் தாளைப் பிரித்தாள். "யாரு இந்த ராஸ்?"

"அவ டன்ஸ்டல், இவன் ஆட்கின். அவ விவாகரத்தானவன்னு சமையலறையில சொன்னாங்க. பழைய புருஷனா இருக்கும்."

"எப்படி வேணும்னு ஏதாவது சொன்னாளா?"

"நல்லா எழுதச் சொன்னா."

"அப்ப நல்லாவே எழுதிடுவோம்" என்றாள் அவ்ரில். இருவரும் சிரித்தோம். இதைத்தான் பாதி நான் என்று சொன்னேன். எனக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்தொன்பதாவது நாவலில் ராஸ் ஆட்கின் விதவைகளை ஏமாற்றிப் பிழைப்பவன். வறுத்த மீன் கடைக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் குப்பைத்தொட்டியில், உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில், முகமெல்லாம் பழைய எண்ணெயோடு கிடைக்கிறான். அந்தத் தொட்டிக்குள் நான் படுத்தேன். மூன்று தடவை குளித்தும் வாடை போகவில்லை. அவ்ரில் மேலே நின்று பார்த்து, "பிரமாதம்" என்றாள்.

ஒவ்வொரு அக்டோபரிலும் புத்தகம் வந்ததும் நூலகத்தில் ஒரு கூட்டம் வைப்போம். அவ்ரில் முதல் அத்தியாயத்தை வாசிப்பாள். பெயர் கொடுத்தவருக்கு முன்வரிசையில் நாற்காலி, முதல் பிரதி. ஷீனா நல்ல நீலக் கோட்டில், முடியைச் சுருட்டி விட்டுக்கொண்டு வந்தாள். மடியில் பெரிய கைப்பை. அவ்ரில் நன்றாக வாசிப்பாள். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று தெரிந்தவள். தொட்டியின் மூடியைத் திறந்ததும் சிரித்தார்கள். எண்ணெய்க்குச் சிரித்தார்கள். பிறகு கெல்லட் பிணத்தைப் பார்த்துத் தன் சார்ஜெண்டிடம் கேட்கும் இடம் வந்தது.

"மூணு வாரமா ஆளைக் காணோம். ஒருத்தர்கூடவா புகார் குடுக்கல? பெத்தவகூடவா?"

"பெத்தவளே தள்ளிவிட்டிருப்பா, சார்."

கூடம் அதிர்ந்தது. வில்ஃப் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் பக்கவாட்டில் நின்றிருந்ததால் ஷீனாவின் முகம் எனக்குத் தெரிந்தது. அவள் சிரிக்கவுமில்லை, எழுந்து போகவுமில்லை. முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள். வரிசையில் நின்றாள். முன்னால் போகச் சொன்னார்கள். "இல்லல்ல, என் முறை வரட்டும்" என்று ஏழாவதாக நின்றாள்.

அவ்ரில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "யாருக்குன்னு எழுதட்டும்?"

"ராஸுக்கு."

"அவர்கிட்ட நேர்லயே குடுக்கப்போறீங்களா? துணிச்சல்தான் உங்களுக்கு!"

"அவன் என் மகன்" என்றாள் ஷீனா. பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள். "செத்து ஆறு வருஷம் ஆச்சு. மன்னிச்சுக்கோங்க, தப்பு என்னோடதுதான். நான் முன்னாடியே கேட்டிருக்கணும். ஏதாவது ஒரு இடத்துல அவன் பேர் அச்சுல இருக்கட்டுமேன்னு நினைச்சேன். நீங்க எழுதுங்க, பின்னால வரிசை நிக்குது."

அவ்ரில் எழுதவில்லை. பேனா தாளில் ஊன்றி மை ஊறிக்கொண்டிருந்தது. ஷீனா புத்தகத்தை மெல்ல அவள் கைக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். கைப்பை லேசாகத் திறந்திருந்தது. உள்ளே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படத்தின் ஓரம் தெரிந்தது. எங்களுக்குக் காட்ட எடுத்து வந்திருக்கிறாள்.

மறுநாள் காலை அவ்ரில் பதிப்பாளரைக் கூப்பிட்டுப் புத்தகத்தைத் திரும்பப் பெறச் சொன்னாள். கடைகளுக்குப் போய்விட்டது, அடுத்த பதிப்பில் வேண்டுமானால் பெயரை மாற்றலாம் என்றார்கள். அப்படியே மாற்றினார்கள். எங்கள் நூலகத்துக்கு வந்த மூன்று பிரதிகளைத் தொலைந்துபோனதாக நான் பதிந்தேன். முப்பத்தொரு வருடத்தில் நான் செய்த ஒரே திருட்டு அது. ஆனால் முதல் பதிப்பின் பிரதிகள் மற்ற ஊர்களில் இருந்தன. அங்கேயும் யாரோ ஒருத்தி பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருப்பாள் என்று அவ்ரில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

இருபதாவது நாவலை அவளால் எழுத முடியவில்லை. என்னை ஒரு நாள் கற்சுரங்கத்துக்குக் கூட்டிப்போனாள். நான் வழக்கம்போலப் படுத்தேன். "எழுந்திரு லின், எழுந்திருடி" என்று கத்தினாள். பத்தாம் பக்கம் வரை எழுதுவாள், அங்கே ஒரு உடல் வேண்டும், அந்த உடலைப் பெற்றவள் முன்வரிசையில் நீலக் கோட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். கடைசியில் ஒருவருமே சாகாத ஒரு கெல்லட் நாவலை அனுப்பினாள். காணாமல்போன ஒரு பெண்ணைக் கெல்லட் தேடுகிறார், அவள் லீட்ஸில் தங்கை வீட்டில் ஜாம் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பிடித்திருந்தது. பதிப்பாளர்கள் மிகுந்த மரியாதையோடு திருப்பி அனுப்பினார்கள். அத்தோடு அவர்களுக்கும் அவளுக்கும் ஒப்பந்தம் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் ஷீனா வீட்டுக்குப் போனோம். அவ்ரிலுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து வண்டி ஓட்ட முடியாது, நான்தான் ஓட்டினேன். ஷீனா டீ போட்டாள். உட்கார்ந்ததும் நான் முந்திக்கொண்டேன். "பழைய புருஷன்னு அவகிட்ட சொன்னது நான். அவளா நினைக்கல." ஷீனா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "யார் சொன்னா என்ன. நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவ்ரில் தன் கோப்பையைத் தொடவில்லை. "என்னால அந்தப் புத்தகத்தைத் திரும்ப வாங்க முடியாது. ஆனா எழுத முடியும். அவனை உயிரோட எழுதறேன். கெல்லட்கிட்ட வேலைக்குச் சேர்ந்த புதுக் கான்ஸ்டபிள். அச்சுக்குப் போகாது. உங்களுக்கு மட்டும்."

ஷீனா தன் கோப்பையைக் கீழே வைத்தாள். அப்புறம், "அவன் சட்டைக் கை நுனியைக் கடிப்பான்" என்றாள். "இருபத்திரண்டு வயசுலயும். வாத்துன்னா பயம். பீட்ரூட் வச்ச ரொட்டி மட்டும் குடுத்தா நாள் பூரா தின்பான்."

அவ்ரில் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

நான்கு வருடம் நடந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, ஒரு அத்தியாயம், தட்டச்சு செய்து உறையில். கான்ஸ்டபிள் ராஸ் ஆட்கின் சாட்சியைத் துரத்திக்கொண்டு போய் வாத்துக் கூட்டத்தைப் பார்த்து வேலிமேல் ஏறினான். கெல்லட்டின் ஈரக் காலுறைகளைக் காவல் நிலையத்து வெப்பக் குழாயில் காயப்போட்டான். ஷீனா எங்கள் எதிரிலேயே படிப்பாள், சில இடங்களில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சில இடங்களில், "இல்ல, அவன் இப்படிச் சொல்லமாட்டான்" என்பாள். அவ்ரில் திருத்துவாள். அந்த நாட்களில் அவ்ரிலின் எழுத்து நடையே மாறியிருந்தது. பத்தொன்பது புத்தகத்திலும் இவ்வளவு நன்றாக எழுதியதில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதுதான் எனக்கு உறுத்தியது. இந்த ஞாயிறுகள் யாருக்காக என்று ஒரு தடவை வண்டியில் கேட்டே விட்டேன்.

"ஷீனாவுக்காக. வேற யாருக்கு?"

"அவ போன மாசம் சிரிக்கவே இல்ல. நீ கவனிச்சியா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு, லின்."

ராஸுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. அதை அவ்ரில் வேண்டுமென்றே செய்தாள். அவன் இருந்திருந்தால் இருக்கும் வயதுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று நினைத்தாள். சார்ஜெண்ட் ஆனான். ஒரு பள்ளி ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டான். பெண் குழந்தை பிறந்தது, அதற்குப் பாட்டியின் பெயரை வைத்தான். அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்து ஷீனா தாள்களை அடுக்கி, ஓரங்களை மேசையில் தட்டிச் சரிசெய்து, உறைக்குள் போட்டு அவ்ரில் பக்கம் தள்ளினாள்.

"போதும், அவ்ரில்."

"பிடிக்கலியா? பேரை மாத்திடறேன்."

"நல்லா இருக்கு. எல்லாமே நல்லா இருக்கு. ஆனா இவன் யாருன்னு எனக்குத் தெரியல." அவள் குரல் உயரவில்லை. "முப்பத்திமூணு வயசு, மீசை, குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டறான். என் பையன் இருபத்திரண்டு. அவனுக்கு டீகூடப் போடத் தெரியாது. கண்ணை மூடி அவன் முகத்தை நினைச்சா உன் சார்ஜெண்ட் முகம்தான் வருது. படத்தை எடுத்துப் பாக்கறேன். படத்தைக் கீழ வச்ச உடனே மறுபடி உன் ஆளு வந்து நிக்கறான். முன்னாடி ஒரு தடவை அவனை என்கிட்டேருந்து எடுத்துக்கிட்டே, அது தெரியாம. இப்ப ரெண்டாவது தடவை."

அவ்ரில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஷீனா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் எழுதிக் குடு. அப்புறம் நிறுத்திடு. அவனுக்கு மூளைக்காய்ச்சல். மூணு நாள்தான். மூணு நாளும் நான் நாற்காலியை விட்டு அசையல. மூணாவது நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நிறுத்தின சீட்டோட நேரம் முடியுது. கீழ போய்க் காசு போட்டுட்டு வந்தேன். பத்து நிமிஷம். மிஷின் ஒரு காசை வாங்க மாட்டேன்னு திருப்பித் திருப்பித் துப்பிச்சு. நான் மேல வந்தப்போ அவன் கட்டிலைச் சுத்தித் திரையை இழுத்து விட்டிருந்தாங்க. அந்தப் பத்து நிமிஷத்தை எழுது. உனக்கு இதுதானே தொழில். என்ன நடந்ததுன்னு கடைசி அத்தியாயத்துல எல்லாத்தையும் சொல்லிடுவியே. இதையும் சொல்லு."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவ்ரில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போகவில்லை. நான் பால் வாங்கிக்கொண்டு போனால் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வாங்கிக்கொள்வாள். மூளைக்காய்ச்சலைப் பற்றி மூன்று தடிப் புத்தகங்களை வேறு ஊர்களிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். மனிதர்களைக் கிடத்தி மட்டுமே பழகியவள், ஒருவன் போய்க்கொண்டிருப்பதை எழுத முதல் தடவையாக உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாக இளைத்துவிட்டாள். எனக்கு ஷீனாமேல் கோபம் வந்தது, அவ்ரில்மேலும் வந்தது, அந்த உறையில் அழகாக எழுதிய என் கையெழுத்தின் மேலும் வந்தது.

மார்ச் மாதம் முதல் ஞாயிறு, "வண்டியை எடு" என்றாள். கையில் உறை இல்லை.

ஷீனா கதவைத் திறந்ததும் அவ்ரிலின் கையைத்தான் பார்த்தாள். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அவ்ரில் உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எழுதலியா?"

"பதினோரு தடவை எழுதினேன். ஒண்ணுல உன் பேரைச் சொன்னான். ஒண்ணுல நர்ஸ் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. ஒண்ணுல தூக்கத்துலயே போயிட்டான். எல்லாம் நல்லா வந்தது, ஷீனா. அதான் பயமா இருந்தது. நீ எதைக் கேட்டாலும் என்னால நம்ப வச்சுட முடியும். எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டேன்."

"என்ன நடந்ததுன்னு சொல்லு."

"எனக்குத் தெரியாது."

ஷீனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னைக் கூப்பிட்டிருப்பானா?"

இல்லை என்று சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்தை. யாருக்கு என்ன நஷ்டம்?

"கூப்பிட்டிருக்கலாம்" என்றாள் அவ்ரில்.

அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது எனக்கு. ஷீனாவின் முகம் கோணியது. "டாக்டர் சொன்னார், தூங்கிட்டே போயிட்டான்னு. நர்ஸ் சொன்னா. பாதிரியார் சொன்னார். என் அக்கா சொன்னா. அந்த நேரத்துல அங்க யாருமே இல்ல, ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. நானும் தலையாட்டிக்கிட்டே இருந்தேன். இத்தனை வருஷமா..." அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் இந்த ஊரில் கேட்டதில்லை. நாங்கள் அப்படி அழுகிறவர்கள் இல்லை. அவ்ரில் சமாதானம் ஒன்றும் சொல்லாமல், நோகும் இடுப்போடு தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்பில் தண்ணீர் வற்றிக் கிழங்கு தீய்ந்தது. நான்தான் எழுந்துபோய் அணைத்தேன்.

அதன் பிறகு அவ்ரில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தோட்டத்தில் செடி வைப்பார்கள், அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். நான்கு வருட அத்தியாயங்களையும் அவ்ரில் தன் வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டாள். எங்கே வைத்தாள், என்ன செய்தாள் என்று தெரியாது. அவள் போன பிறகு வீடு முழுக்கத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்து, ரொட்டித் துண்டுகளும் டீயும் வைத்திருந்த கூடத்தில் ஷீனா என் பக்கத்தில் வந்து நின்றாள். பல வருடமாகக் கேட்கத் தயங்கியதை அன்று கேட்டேன்.

"ராஸ் முகம்... இப்ப வருதா?"

"வந்துடுச்சு" என்றாள். "கிழங்கு தீஞ்ச அன்னிக்கு ராத்திரியே வந்துடுச்சு. கட்டில்ல படுத்துக்கிட்டு வாசலைப் பாத்துக் கூப்பிடற மாதிரிதான் வருது. எப்பவும் அப்படித்தான் வருது, லின்." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஆனா அது அவன்தான்."